டயரின் விலா

1

காரின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த வண்டிக்கு எந்த அளவு டயர் போடலாம், அதில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். கார் வைத்திருக்கும் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள். நான் பதினாறு வருடமாக அதைப் படித்துத்தான் பிழைக்கிறேன்.

பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில், வாகனப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. பிரான்சில் வண்டி பழசானதும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவந்து காட்டியாக வேண்டும். பிரேக், விளக்கு, புகை, டயர் எல்லாவற்றையும் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஊரில் இதைச் சொன்னால், "ஆர்டிஓ ஆபீசா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப மெக்கானிக்கா? பொம்பளையா?" என்பார்கள். அதற்குமேல் விளக்குவதை நான் விட்டுப் பல வருடமாகிறது.

இதைப் புதுச்சேரியில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முத்தியால்பேட்டையில் நான் பிறந்து வளர்ந்த வீடு இங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஊரைவிட்டுப் போய் இருபத்து மூன்று வருடம். எத்தனையோ முறை வந்திருக்கிறேன், ஒருமுறைகூட வேறு இடத்தில் படுத்ததில்லை. இந்த முறைதான் சொந்த ஊரில் பாஸ்போர்ட்டைக் காட்டி, பாரம் நிரப்பி, அறைச்சாவி வாங்கினேன். வரவேற்பில் இருந்த பெண், "ஃபர்ஸ்ட் டைம் பாண்டிச்சேரியா மேடம்?" என்று கேட்டாள்.

விமானத்துக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. எனக்கு எல்லாவற்றின்மேலும் அருவருப்பாக இருக்கிறது. யார்மேல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு காவல்காரராக இருந்தார், அப்புறம் வீட்டோடு இருந்தார், பிறகு போய்விட்டார். அம்மாவும் தம்பி குமரனும் அதே வீட்டில் இருக்கிறார்கள். குமரனுக்கு நாற்பத்தொரு வயது. உழவர்கரைப் பக்கம் மனைத் தரகு வேலையில் நன்றாக வந்துவிட்டான். அவன் மனைவி இரண்டாவது பிரசவத்துக்காக விழுப்புரத்தில் தாய்வீட்டில் இருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை என்றதும் அதனால்தான் நான் மூன்று வார விடுப்பு போட்டு வந்தேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மாமனார் வழியாகக் கணவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, கணவர் வழியாக எனக்கு. அவர் பஸ் ஓட்டுகிறார். நான் முதல் ஏழு வருடம் அலுவலகங்களைத் துடைத்தேன். ஒரு கராஜைத் துடைக்கப் போன இடத்தில்தான் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்கப் பிடித்துப்போனது. அந்தக் கராஜ் முதலாளி ஒரு பயிற்சி வகுப்பின் முகவரியைக் கொடுத்தார்.

வகுப்பின் முதல் வாரம் ஆசிரியர் ஒரு டயரைத் தூக்கிக் காட்டினார். பக்கவாட்டில் சின்னதாக ஒரு புடைப்பு. "எர்னி" என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். மாமனாருக்குக் குடலிறக்கம் வந்தபோது மருத்துவமனையில் நூறு முறை கேட்டது. "யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பிறகுதான் புரிந்தது, பிரெஞ்சுக்காரர்களுக்கு டயரும் ஒரு உடம்புதான். அதன் பக்கவாட்டை ஃப்ளான் என்பார்கள். விலா என்று அர்த்தம். பலமாக அடிபட்டால் விலாவுக்குள் இருக்கும் இழைகள் அறுந்துபோகும். அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளும். குடலிறக்கம் மாதிரியேதான். அதைத் தைக்கவோ ஒட்டவோ முடியாது. டயரைக் கழற்றித் தூக்கிப் போட வேண்டியதுதான்.

3

என் மகன் கெவினுக்கு இருபது வயது. அங்கேயே பிறந்தவன். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். பிரெஞ்சில் கேட்டால் பதிலே வராது. போன வருடம் தன் காருக்குப் பெரிய வீலும் ஒல்லி டயரும் போட வேண்டும் என்றான். கூடாது என்றேன். அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் நடுவில், "சாப்பிட்டாயா", "ம்" என்பதற்குமேல் பேச்சில்லை.

ஆனால் மாமாவோடு மணிக்கணக்காகப் பேசுவான், அதுவும் தமிழில். குமரன் இரண்டாம் கையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியதிலிருந்து இருவருக்கும் ஒரே பேச்சு, வீல் பேச்சு. அடுத்த அறையிலிருந்து, "மாஸா இருக்கும் மாமா" என்று அவன் சொல்வது கேட்கும். எனக்கு வயிற்றெரிச்சலாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். அவன் தமிழ் பேசுவதற்கு உலகத்தில் ஒரு காரணமாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஊருக்கு வந்த மூன்றாம் நாள், அம்மாவை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்பு, குமரன் என்னை உழவர்கரையில் ஒரு வீல் கடைக்கு அழைத்துப் போனான். "அக்கா, உன் வேலையே இதானே. நீ வந்து பாத்து ஓகே சொன்னாத்தான் போடுவேன்" என்றான்.

வண்டியில் கம்பெனி போட்டுக் கொடுத்தது பதினேழு அங்குல வீல். டயரில் 225/45 என்று இருந்தது. அந்த நாற்பத்தைந்துதான் விலாவின் உயரம். டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், அதில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. கணக்குப் போட்டால் பத்து சென்டிமீட்டர் ரப்பர் வரும். வீல் பெரிதாக ஆக, சக்கரத்தின் மொத்த உயரம் மாறக் கூடாது என்பதற்காக விலாவைக் குறைப்பார்கள். பதினெட்டு அங்குலம் போட்டால் ஒன்பது சென்டிமீட்டர். குமரன் ஆசைப்பட்டது இருபது. அதற்கு விலா ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை.

ஒல்லி டயரில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். விலா குட்டையாக இருந்தால் வளைவில் டயர் நெளியாது. ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்தில் வண்டி திரும்பும். வேகமான காரில் அது ஒரு சுகம், நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வதும் அதே விலாதான். அது போதாவிட்டால் அடி ரிம்முக்குப் போகும். ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கும். ஆகவே டயரைத் தேர்ந்தெடுக்கும்போது காரை மட்டும் பார்த்தால் போதாது, வண்டி ஓடப்போகும் சாலையையும் பார்க்க வேண்டும். குமரனுக்கு அழகும் வேண்டும் என்றால் பதினெட்டு, அதற்குமேல் கூடாது. இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

கடை முதலாளி பாஸ்கர் என்னைப் பார்க்கவே இல்லை. குமரனிடம்தான் பேசினார்.

"சார், இருபது போட்டா காரு வேற லெவல் சார். டயரு கண்ணுக்கே தெரியக் கூடாது. வீலுதான் தெரியணும்."

"ரோட்டுல பள்ளம் வந்தா?" என்றேன்.

அவர் குமரனிடம், "மேடமா சார் ஓட்டப்போறாங்க?" என்றார்.

"இல்ல, அக்கா ஃபிரான்ஸ்ல வண்டி செக் பண்ற வேலைல இருக்கு."

"அப்டியா, சூப்பர் மேடம். அங்கெல்லாம் இதானே ஃபேஷனு."

அவர் சொன்னது பொய்யில்லை. அங்கேயும் இருக்கிறார்கள். பரிசோதனைக்கு வரும் நாளில் மட்டும் நண்பனிடம் சரியான வீலை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, சான்று வாங்கியதும் போய் மாற்றிக்கொள்வார்கள். போல்ட்டில் புதுக் கீறலைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் அன்றைக்கு வண்டியில் இருப்பதைத்தான் நான் எழுத முடியும். அவர்கள் சிரித்தபடி கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். நான் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன்.

சரியாக அந்த நேரத்தில் குமரன் கெவினை வீடியோவில் கூப்பிட்டிருந்தான். கெவின் உற்சாகத்தில் தமிழை மறந்து, "வேன், மாமா! வேன்!" என்று கத்தினான். பிரெஞ்சில் வேன் என்றால் இருபது. பாஸ்கர் குழம்பி, "வேனா? காருன்னுதானே சார் சொன்னீங்க?" என்றார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கெவின் சிரித்து நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் திரையில் என்னைத் தேடினான்.

"அம்மா, நல்லா இருக்கும் இல்ல?"

தமிழில் கேட்டான். என்னைக் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றேன்.

நான் ஓகே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு குமரன் பாஸ்கரின் தோளைத் தட்டினான். ஒரு மணி நேரத்தில் நான்கு வீலும் மாறிவிட்டன.

4

புது வீலோடு அந்தக் கார் முத்தியால்பேட்டைத் தெருக்களில் போனதைப் பார்க்க வேண்டும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் முனகும். சாக்கடை மூடி ஒவ்வொன்றிலும் முதுகெலும்பில் அடிக்கும். தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்பது உண்மை. குமரன் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான். நாலைந்து மில் தொழிலாளிகள் கைகோத்து நடந்தால் நிறைந்துபோகும் தெரு அது. அதில் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி, பால்காரர் சைக்கிளுக்குப் பின்னால் ஊர்ந்தது.

அம்மாவுக்குக் கடலூர் சாலையில், ஊருக்குத் தெற்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை நடந்தது. நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார்கள்.

அன்று காலை நான் வீட்டு மாடியிலிருந்து கீழே வந்தபோது குமரன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அம்மாக்கு குலுங்கக் கூடாதுன்னு காத்த கொஞ்சம் கொறச்சிட்டேங்கா. இப்ப மெத்து மெத்துனு இருக்கு" என்றான். முந்தின நாளே குறைத்துவிட்டு, அப்படியே ஊரெல்லாம் சுற்றியிருந்தான்.

குட்டை விலா டயருக்கு இருக்கும் ஒரே தெம்பு காற்றுதான். அதையும் குறைத்தால் பள்ளத்தில் ரிம் நேராக ரப்பரை அறுக்கும். குனிந்து பார்த்தேன். முன்பக்க இடது டயரின் வெளி விலாவில் எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து ஒட்டிவைத்த மாதிரி ஒரு புடைப்பு இருந்தது. தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது.

"குமரா, இந்த வண்டி வேணாம். டயரு போச்சு. டாக்சி சொல்லு."

அவன் வந்து பார்த்தான். "அட, போட்டு பத்து நாளு ஆவல. ரப்பருன்னா அப்டி இப்டித்தான் இருக்கும். மெதுவா போறேன், வா."

"இது எப்ப வேணா வெடிக்கும்டா."

"உனக்கு எல்லாமே கோளாறுதான். அங்க இருந்து இருந்து அப்டி ஆயிட்ட." பிறகு குரலைத் தாழ்த்தினான். "தெருவே பாக்குதுக்கா. அம்மாவ நம்ம வண்டில கூட்டினு வரேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கெவினு வேற வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கான்."

பிரான்சில் என்றால் அந்த வண்டியின் தாளில், இன்றோடு இது சாலையில் ஓடக் கூடாது என்று எழுதியிருப்பேன். எதிரில் நிற்பவர் கத்துவார், கெஞ்சுவார், சில நேரம் காறித் துப்புவார். என் பேனா நின்றதில்லை. இங்கே எதிரில் நின்றது என் தம்பி. நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன்.

5

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது அம்மா பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் தலையணைகள் அடுக்கியிருந்தோம். அம்மாவுக்குச் சந்தோஷம். "ஏசி நல்லா இருக்குடா" என்றாள். குமரன் மெதுவாகத்தான் வந்தான். நோணாங்குப்பம் வந்ததும், முன்னால் போன சுற்றுலா பஸ் ஒன்று படகுக் குழாமுக்குத் திரும்ப, சாலை காலியானது. அவன் அழுத்தினான். நான் எதுவும் சொல்லவில்லை.

குழாய் பதிக்கச் சாலையைக் குறுக்கே வெட்டி, பாதி மூடி விட்டிருந்தார்கள். அதில் முன் சக்கரம் இறங்கி ஏறியது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி யாரோ பிடித்து இழுத்தது போல இடது பக்கம் போனது. ஓரத்தில் ஒரு பெண் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சாலையில் இல்லை, மண்ணில் நின்றார். எங்களைப் பார்த்தார். நகர நேரமில்லை.

வண்டி ஒரு தள்ளுவண்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. நான் முதலில் பின்னால் திரும்பி அம்மாவின் காலைப் பிடித்தேன். தலையணைதான் காப்பாற்றியது. அம்மா, "முருகா, முருகா" என்று நடுங்கிக்கொண்டிருந்தாள். கட்டுத் துணியில் ரத்தம் இல்லை என்று பார்த்துவிட்டு நான் இறங்குவதற்குள், அங்கிருந்தவர்கள் அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். வலது கால் தொங்கியது மட்டும் தெரிந்தது. சாலையில் வெள்ளரிப் பிஞ்சுகளும் மிளகாய்ப் பொடியும் சிதறிக் கிடந்தன. அவர் படகுக் குழாம் வாசலில் வெள்ளரிக்காய் நறுக்கி விற்பவர், பெயர் தனலட்சுமி என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

குமரன் முன் சக்கரத்துக்கு அருகில் குந்தியிருந்தான். அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"ரிம்மு போச்சுக்கா" என்றான்.

அந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். அதிர்ச்சி என்று பக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள்.

6

மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் குமரன் என்னை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில் இருந்தான்.

"அக்கா, ஒழுங்கா கேட்டுக்க. அந்தம்மா கொடத்தோட திடீர்னு குறுக்க வந்துச்சு. நான் பிரேக் அடிச்சு ஒடிச்சேன். அப்ப பள்ளத்துல எறங்கி டயரு வெடிச்சுது. இதான் நடந்தது. நீ முன்னாடி உக்காந்திருந்த, நீதான் சாட்சி. டயரெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, நான் ஃபிரான்ஸ்ல இதான் பாக்கறேன்னு சொல்லிடு. அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்."

"அவங்க ஓரத்துலதானே நின்னாங்க?"

"யாரு பாத்தா? டூரிஸ்டெல்லாம் ஊருக்குப் போயிட்டான்."

"நான் பாத்தேன்டா."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏண்டி, நீ ஆறு நாள்ல ஏறிப் போயிடுவ. நான் இவன்கூடத்தான் கெடக்கணும். இன்னா சொல்லணுமோ யோசிச்சு சொல்லு."

அம்மா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

கிளம்பும்போது கெவின் கூப்பிட்டான். குமரன் அவனிடம் முன்பே பேசியிருந்தான். பிரெஞ்சில் ஆரம்பித்தான்: அவர் என் மாமா, நம் குடும்பம். பிறகு தமிழுக்கு வந்தான். "அங்க நீ எல்லாருக்கும் நோ சொல்ற. மாமாக்குமா?"

"அந்தம்மாவுக்குக் கால் ஒடஞ்சிருக்கு, கெவின். அவங்க மேலயே பழி போடச் சொல்றான்."

அவன் போனை வைத்துவிட்டான்.

நிலையத்தில் எழுத்தர் ஐம்பது வயது மனிதர், தன்மையாகத்தான் பேசினார். பெயர் கேட்டார். நாடு கேட்டார். பிரான்சு என்றதும் நிமிர்ந்தார். "இங்க நிரந்தர முகவரி?" என்றார். எனக்கென்று இங்கே ஒன்றும் இல்லை. தம்பியின் வீட்டு முகவரியைத்தான் சொன்னேன். தம்பிக்கு எதிராகச் சொல்லப்போகும் சாட்சிக்குத் தம்பியின் கதவு எண். குமரன் வாசல் பக்கத்து பெஞ்சில், எல்லாம் காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். டயர் வரைக்கும் வந்ததும் நாக்கு புரண்டது. பதினாறு வருடம் டயரைப் பற்றி நான் பிரெஞ்சில் மட்டுமே பேசியிருக்கிறேன்.

"காலையிலயே டயரோட ஃப்ளான்ல எர்னி இருந்துச்சு."

"என்னம்மா சொல்றீங்க?"

"விலா. டயரோட விலாவுல... குடலிறக்கம்."

பக்கத்து மேசையில் இருந்த காவலர் சிரித்துவிட்டார். "டிரைவருக்கா, டயருக்கா மேடம்?"

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுத்தர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். டயரை வரைந்தேன். கம்பெனி வீல் எவ்வளவு, இப்போது இருப்பது எவ்வளவு, ரப்பர் எவ்வளவு குறைந்தது, காற்று ஏன் குறைக்கப்பட்டது, புடைப்பு எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலில் டயர் வெடித்தது, பிறகுதான் வண்டி திரும்பியது, அந்தப் பெண் மண்ணில் நின்றார் என்றேன். அவர் நிதானமாக எழுதினார். டயரின் பக்கவாட்டில் புடைப்பு என்று எழுதிவிட்டு, "சரியா இருக்காம்மா?" என்று வாசித்துக் காட்டினார்.

"கேசுன்னா கோர்ட்டுக்கு வரணும். அங்கேருந்து வருவீங்களா?"

"வருவேன்."

அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

வீட்டில் குமரன் என்னைத் திட்டவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி நடந்துகொண்டான். என் தலைக்கு மேலாக அம்மாவிடம், "சாப்டியாம்மா?" என்று கேட்டான். யாருக்கோ போனில், "காட்டிக் குடுத்துட்டா மச்சான், கூடப் பொறந்தவ" என்றான். பெட்டியை நான்தான் எடுத்து அடுக்கினேன். அம்மாவிடம் சொல்லிக்கொண்டபோது, "மருந்து எது எப்பன்னு எழுதி வெச்சிட்டுப் போ" என்றாள். எழுதி வைத்தேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை, கையை மட்டும் நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள்.

விடுதிக்கு வந்த பிறகு கெவினிடமிருந்து ஒரு வரி வந்தது: "காத்து எவ்ளோ இருந்துச்சு?" தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். குமரன் எவ்வளவுக்குக் குறைத்திருந்தான் என்ற எண்ணை அனுப்பினேன். அவன் பார்த்தான் என்று போன் காட்டியது.

7

நேற்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். போகும்போது என்னைப் பற்றி எனக்கு ஓரளவு நல்ல எண்ணம் இருந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. வீட்டை இழந்து உண்மை சொன்னவள், பழியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றியவள் என்று நினைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு படியேறினேன்.

தனலட்சுமிக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டியிருக்காது. தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. இரும்புத் தகடு வைத்திருக்கிறார்களாம். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"தெரியும். அந்த ரைட்டரு வந்து எழுதினு போனாரு. நீதான் உள்ளத சொன்னன்னு சொன்னாரு" என்றார். "உக்காரு."

உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆறு மாதம் நிற்கக் கூடாதாம். வெள்ளரி வியாபாரம் நின்றுகொண்டே செய்வது. அவர் பெண் வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் வருவாளாம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். நான் ஆரஞ்சுகளை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"காலைலயே டயர்ல கட்டி இருந்துச்சாமே?" என்றார்.

"ஆமாம்மா."

"அதுக்குத்தான் நீ அங்க படிச்சிருக்கியாமே. வெடிக்கும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். குடத்தோடு நின்று பார்த்த அதே கண். "வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். தம்பிகிட்ட ஒரு தடவ சொன்னேன்."

"ஒரு தடவ" என்றார் தனலட்சுமி.

அவர் குரலில் கோபம்கூட இல்லை. பிறகு சொன்னார்: "நான் எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி கத்தியிருப்பேன்மா. சாவிய புடுங்கி சாக்கடைல போட்டிருப்பேன்."

நான் ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. தெரு பார்த்தது, அம்மா காத்திருந்தாள், என் மகன் சிரித்தான். கட்டுப் போட்ட அந்தக் காலைப் பார்த்தேன்.

"ஒரு பழம் உரிச்சுக் குடு" என்றார். உரித்தேன். சாறு அவர் போர்வையில் சிந்தியது. அவர் சுளையை வாங்கிக்கொண்டார்.